சார்ஜ் புத்தகத்தில் விட்டுப்போன வரி

தணிகாசலம் சார்ஜ் ஒப்படைத்தபோது ஒரு வரி எழுதவில்லை. தப்பு அதுதான். மற்றதெல்லாம் அதிலிருந்து வந்தது.

முப்பத்தெட்டு வருஷம் ரயில்வேயில் இருந்தவர், அதில் பாதிக்கு மேல் ஸ்டேஷன் மாஸ்டர், டியூட்டி மாறும்போது எந்த லைனில் எந்த வண்டி நிற்கிறது, எந்த சிக்னல் மக்கர் பண்ணுகிறது, எந்தச் சாவி யார் பையில் இருக்கிறது என்று ஒன்று விடாமல் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் நாற்காலியை விட்டு எழுந்த மனிதர், ஓய்வு பெற்று ஒன்பது வருஷம் கழித்து, ஜோலார்பேட்டையில் ரெஜினா நெட் சென்டர் மாடியில், ஒரு விளையாட்டுக்காக வைத்திருந்த கோடு போட்ட நோட்டில், ஒரே ஒரு வரியை விழுங்கினார்.

விளையாட்டு எப்படி வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நவம்பர் மாதம் வந்தால் பென்ஷன்காரர்கள் தாங்கள் உயிரோடு இருப்பதாக விரல் வைத்துச் சான்று கொடுக்க வேண்டும். கொடுக்க வந்த ஆறு பேரில் மாசிலாமணியின் கட்டைவிரலை மட்டும் மெஷின் ஏற்கவில்லை. பாயின்ட்ஸ்மேன், தண்டவாளம் மாற்றும் லீவரை இழுத்து இழுத்து ரேகை தேய்ந்துபோன கை.

"நான் செத்துட்டேன்னு சொல்லுது சார் இது."

"அவசரப்படாதே. அதுக்குத் தெரிஞ்சது நமக்குத் தெரியல" என்றார் வாஹித். கூட்ஸ் வண்டியில் கார்டாக இருந்தவர். தனியாக ஒரு பெட்டியில் முப்பது வருஷம் போன மனிதர் என்பதால் ஆள் கிடைத்தால் பேச்சை விடமாட்டார்.

மெஷின் மனசு மாறும்வரை காத்திருந்தபோதுதான் மூலையில் ஒரு கம்ப்யூட்டர் தானாக ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்தார்கள். ரெஜினாவின் தம்பி மஸ்கட் போகும் முன் ஏற்றிவைத்துவிட்டுப் போன விளையாட்டு. குள்ளர்கள் மலையைக் குடைந்து குடியிருக்கிறார்கள். நாம் ஒரு குள்ளனையும் கை பிடித்து நடத்த முடியாது. இங்கே வெட்டு, அங்கே கட்டு என்று உத்தரவு மட்டும் போடலாம், எவன் எடுத்துச் செய்கிறானோ அவன் செய்வான், செய்யாவிட்டால் இல்லை. படம் கிடையாது. எழுத்தும் புள்ளியும்தான், ஒரு ஆள் என்றால் ஒரு எழுத்து. ஆறு பேருக்கும் அது உடனே புரிந்துவிட்டது. ரயில்வேயும் அப்படித்தான்.

கோட்டைக்குக் குகைப்பேட்டை என்று பேர் வைத்தார்கள். ஆளுக்கு ஒரு வருஷம். விளையாட்டில் ஒரு வருஷம் என்பது வெளியே இரண்டு வாரம். வருஷம் முடிந்தால் அடுத்தவருக்குச் சார்ஜ் ஒப்படைக்க வேண்டும், நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டு. எழுதாததற்கு வாங்கிக்கொண்டவர் பொறுப்பில்லை. தங்கள் கூட வேலை பார்த்தவர்களின் பேரையெல்லாம் குள்ளர்களுக்கு வைத்தார்கள், அதனால் செத்துப்போன ஃபயர்மேன்களும் ஊரை விட்டுப்போன கேங்மேன்களும் அந்த மலைக்குள் மறுபடி ஒரே மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கூட்டம். வருஷத்தை ஓட்டியவர் நடுவில் உட்கார்ந்து நடந்ததைச் சொல்ல வேண்டும். கிணறு வெட்டப் போய் ஆற்றையே உள்ளே விட்டு, பந்தியில் இருந்த நாற்பது பேரையும் இலையோடு முக்கிக் கொன்று, ஒரே ஒரு ஆடு மட்டும் மேஜைமேல் ஏறித் தப்பிய கதையை வாஹித் சொன்னார்.

"ஆடு இப்போ எங்க?" என்றார் மாசிலாமணி.

"அதான் இப்ப ஊர் நிர்வாகம்."

மாசிலாமணியின் வருஷத்தில் பூனை பெருகிவிட்டது, நடைபாதை முழுக்கப் பூனை, ஒரு கல்யாண ஊர்வலம் பூனை நெரிசலில் மூன்று மாதம் அசையாமல் நின்று, பெண்ணும் மாப்பிள்ளையும் அங்கேயே சண்டை போட்டுப் பிரிந்தார்கள். அதே வருஷம் ஒரு தச்சன் புத்தி பேதலித்து அறையைத் தாழிட்டுக்கொண்டு, ஒரு மாதம் கழித்து ஒரு முக்காலியோடு வெளியே வந்தான். முக்காலியில் அந்த முக்காலியின் படமே செதுக்கியிருந்தது. பார்த்தவர்கள் எல்லாரும் அழுதார்கள். ரெஜினா டீ போட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பாள். சிரிப்பு கீழே டெய்லர் கடைவரை கேட்கும்.

தணிகாசலத்தின் முறை நாலாவது. அவருக்கு இந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. நாற்பது பேர் போனதில் என்ன சிரிப்பு? அவர் கோட்டையை ஸ்டேஷன் மாதிரி நடத்தினார். சாப்பாடு நேரத்துக்கு, தூக்கம் நேரத்துக்கு, வாசலில் எப்போதும் ஒரு காவல். இலையுதிர் காலத்தில் கிழக்கே பூதப்படை கொட்டடித்துக்கொண்டு வந்தது. கிழக்குச் சுரங்கத்தை அடைக்கச் சொன்னார். ஒரு சுவர் போதாது என்று, அது முடிந்ததும் உள்பக்கமாக இன்னொரு சுவர்.

புதிதாக வந்து சேர்ந்திருந்த ஒரு கொத்தன் அந்த வேலையை எடுத்துக்கொண்டான். அவனுக்கு இன்னும் பேர் வைக்கவில்லை; அப்புறம் வைத்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார். கொத்தனிடம் எந்தப் பக்கம் நின்று கல் வைக்க வேண்டும் என்று சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் தனக்குத் தோன்றிய பக்கம் நிற்பான். தணிகாசலத்துக்கு அவசரம். சொல்லவில்லை. இரண்டாவது சுவரின் கடைசிக் கல்லை அவன் உள்ளே நின்று வைத்தான். இரண்டு சுவருக்கும் நடுவில், நாலடி இடத்தில், ஒரு எழுத்து.

பார்த்தார். பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது.

படை போகட்டும், பிரித்துவிடலாம் என்று இருந்தார். படை போயிற்று. ஆனால் எங்காவது ஒன்று பதுங்கியிருந்து, சுவரைப் பிரித்ததும் பாய்ந்துவிட்டால்? வருஷம் முடிய ஒரு வாரம்தான். அதுவரை ஒரு உயிர் போகவில்லை. அவருக்கு முன்னால் யாருக்கும் அமையாத வருஷம் அது. அடுத்தவர் பிரித்துக்கொள்வார், ஒரு வரி எழுதிவிட்டால் போதும் என்று நினைத்தார். பிறகு எழுத உட்கார்ந்தபோது "உயிர்ச்சேதம் இல்லை" என்று எழுதினார், அது அழகாக இருந்தது, அதன் கீழே "ஒருவர் சுவருக்குள்" என்று எழுதக் கை வரவில்லை. கையெழுத்துப் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை நடுவில் உட்கார்ந்து, "படை வந்துச்சு. போச்சு. ஒரு உயிரும் போகல" என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஐந்து பேரும் கை தட்டினார்கள். வாஹித் எழுந்து நின்று சல்யூட் அடித்தார். "ஸ்டேஷன் மாஸ்டர்னா ஸ்டேஷன் மாஸ்டர்தான்யா" என்றார். கேலி இல்லை. அந்தக் கைதட்டலை அவர் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார், ஆனால் சாப்பிட உட்கார்ந்தபோது தட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்தார்.

புதன்கிழமை காலை ரெஜினா நெட் சென்டரின் கிழக்குச் சுவருக்குள்ளிருந்து தட்டும் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

இரண்டு தட்டு. கொஞ்சம் இடைவெளி. மறுபடி இரண்டு தட்டு. தை மாதம் தொடங்கியது ஐப்பசிவரை நிற்கவில்லை.

முதலில் வீட்டுக்காரர் பிளம்பரைக் கூட்டிவந்தார், பைப்பே அந்தப் பக்கம் போகவில்லை என்று அவன் சொல்லிவிட்டுப் போனான். எலக்ட்ரீஷியன் வந்தான், அவன் ஒயர் தட்டாது என்றான். பிறகு கோயில் பூசாரி வந்தார், ஃபாதர் வந்தார், மசூதியிலிருந்து ஹஜ்ரத் வந்தார், மூன்று பேர் இருக்கும்போதும் சுவர் மரியாதையாக வாயை மூடிக்கொண்டது, அவர்கள் படியிறங்கியதும் தட்டியது. சுவரில் ஒரு துளை போட்டுப் பார்த்தார்கள். ஒன்பது அங்குலச் செங்கல், அந்தப் பக்கம் சந்து, கீழே சந்தில் ஒரு கழுதை நின்றுகொண்டு துளை வழியாக இவர்களை அண்ணாந்து பார்த்தது. துளையைப் பூசிவிட்டார்கள். நகராட்சியிலிருந்து ஒருவர் வந்து சுவர் உறுதியாக இருப்பதாக எழுதிக்கொடுத்தார். டிவிக்காரர் ஒருவர் மைக்கோடு வந்தார், காதுக்குக் கேட்டது, மைக்குக்குக் கேட்கவில்லை. வந்ததற்கு வாசலில் இருந்த பள்ளத்தைப் படம் பிடித்துக்கொண்டு போனார், அந்தப் பள்ளம் மறுவாரம் மூடப்பட்டது.

ஊர் பழகிக்கொண்டது. ஊர் எதற்கும் பழகிக்கொள்ளும். விண்ணப்பம் போட வருகிறவர்கள் அந்தச் சுவரோரக் கம்ப்யூட்டரையே கேட்டார்கள், தட்டும்போது பட்டனை அழுத்தினால் வேலை கிடைக்கும் என்று பேச்சு. பால் மறந்து அழும் குழந்தைகளைத் தாய்மார்கள் கொண்டுவந்து சுவரோரம் படுக்கவைத்தார்கள், இரண்டு தட்டுக்கும் அடுத்த இரண்டு தட்டுக்கும் நடுவில் குழந்தைகள் தூங்கின. கீழே டெய்லர் சம்சுதீன் அந்தச் சத்தத்துக்கு மெஷினை மிதித்தார், அந்த வருஷம் அவர் தைத்த எந்தச் சட்டையும் தோளில் இறுகவில்லை. தினமும் காலையில் சுவரடியில் ஒரு கைப்பிடி கல்தூள் கொட்டிக்கிடக்கும். இந்தப் பக்கத்து மலையில் இல்லாத கல், லேசான நீலம். பெருக்க வருகிற பெண் அதை அள்ளிச் சம்சுதீனுக்குக் கொடுப்பாள், அவர் துணியில் அளவு கோடு போட வைத்துக்கொள்வார். அந்தக் கோடு துவைத்தாலும் போகவில்லை. ஜோலார்பேட்டையில் பாதிப் பேர் சட்டையின் உள்பக்கம் இன்றைக்கும் ஒரு நீலக்கோடு இருக்கும்.

ஆறு பேரும் பழகிக்கொண்டதுதான் மோசம்.

இரண்டு தட்டு என்றால் ரயில்வேக்காரனுக்கு வேறு அர்த்தம் கிடையாது. பக்கத்து ஸ்டேஷன்காரன் மணியில் இரண்டு தட்டினால், லைன் கிளியரா, வண்டியை அனுப்பட்டுமா என்று கேட்கிறான். இந்தப் பக்கம் இரண்டு தட்டினால் அனுப்பு என்று அர்த்தம். அவன் வண்டியை விட்டுவிட்டு மூன்று தட்டுவான்.

"லைன் கிளியர் கேக்குறான்யா!" என்று வாஹித் துள்ளினார்.

எவர்சில்வர் டம்ளரில் ஸ்பூனால் இரண்டு தட்டினார்கள். சுவர் ஒரு கணம் அமைதியானது. எல்லாரும் அடுத்த மூன்று தட்டுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மறுபடி இரண்டு தட்டியது.

"கேக்கலைபோல. பலமாத் தட்டு."

பத்து மாதம், ஞாயிறு தவறாமல், ஆறு பேரும் ஒரு சுவருக்கு லைன் கிளியர் கொடுத்தார்கள். வண்டி வரவில்லை. அதற்குத் தனியாக ஒரு நோட்டு போட்டு, கேட்ட நேரம், கொடுத்த நேரம் என்று எழுதினார்கள். தணிகாசலமும் எழுதினார். அவருக்கு மட்டும் முதல் நாளே தெரியும். முதல் தட்டிலேயே தெரியும். தெரிந்துகொண்டு டம்ளரைத் தட்டினார்.

சொல்லியிருக்கலாம். அடுத்த ஞாயிறு சொல்லலாம் என்று போனார், அன்றைக்கு வாஹித்தின் வருஷத்தில் இரண்டாவது வெள்ளம் வந்து எல்லாரும் விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள், சிரிப்பு அடங்கட்டும் என்று இருந்தார், அடங்கியபோது மணி ஒன்று. அதற்கடுத்த ஞாயிறு ஒருவருக்குப் பேரன் பிறந்திருந்தான். அப்படி ஒவ்வொரு ஞாயிறும் ஒரு காரணம் வரிசையில் நின்றது.

அவர் முறை மறுபடி வந்தது, பங்குனி கடைசியில். யாரிடமும் சொல்லாமல் பிரித்துவிடலாம், வரி எழுதாததும் தெரியாது, ஆளும் வெளியே வந்துவிடுவான் என்று பரபரப்போடு உட்கார்ந்தார். கிழக்குச் சுரங்கத்தைக் காணவில்லை. ஐந்து பேர் ஐந்து வருஷம் மலையைத் தங்கள் இஷ்டத்துக்குக் குடைந்திருந்தார்கள்; வெள்ளம் வந்த இடமெல்லாம் அடைத்திருந்தார்கள், அடைத்த இடத்தைச் சுற்றிப் பாதை போட்டிருந்தார்கள், ஒன்றின் கீழ் ஒன்றாக அறுபது தளம், எங்கே பார்த்தாலும் சுவர். ஆட்களின் பட்டியலைப் பார்த்தார். பேரில்லாதவனைப் பட்டியலில் எப்படித் தேடுவது? கண்ணில் நீர் வரும்வரை திரையைப் பார்த்தார். கண்ட சுவரையெல்லாம் பிரிக்கச் சொன்னார். ஒன்றில் பழைய ஆறு இருந்தது. பதினாறு பேர் போனார்கள்.

"என்ன சார் விசேஷம்?" என்றார் மாசிலாமணி, ஞாயிற்றுக்கிழமை.

"ஒண்ணுமில்ல."

ஆனி மாதம் மூன்றாவது முறை, புரட்டாசியில் நாலாவது. அப்போதும் கிடைக்கவில்லை. குகைப்பேட்டையில் அதற்குள் வருஷங்கள் போய்க்கொண்டிருந்தன, குழந்தைகள் பெரியவர்களானார்கள், ஆடு செத்து அதற்குச் சிலை வைத்தார்கள். சுவரில் தட்டும் சத்தம் மட்டும் மாறவில்லை. கொஞ்சம் மெதுவாகியிருந்தது, அவ்வளவுதான். வீட்டிலும் அவருக்கு அது கேட்டது. சாப்பிடும்போது தட்டில் கையை இரண்டு முறை வைத்து எடுப்பதைப் பார்த்து மனைவி, "என்ன, யாரைக் கூப்பிடறீங்க?" என்றாள். 

தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு. எப்போதும் வார நாளில் விடியற்காலை வந்துவிட்டுப் போகும் துடைப்பக்காரப் பெண், பண்டிகைக்குக் கழுவிவிடுவதற்காக அன்றைக்குப் பத்து மணிக்கு வந்தாள். ஐம்பது வயது இருக்கும். வாளியைக் கீழே வைத்தாள். ஆறு கிழவர்கள் சுவருக்கு முன்னால் நின்று டம்ளரைத் தட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"ஏம்மா சிரிக்கிறே?" என்றார் வாஹித்.

"இல்ல சார், கொத்தனாரு அங்க கரண்டியத் தட்டுறாரு, நீங்க இங்க டம்ளரைத் தட்டுறீங்க. டீ குடுக்கறதா இருந்தா ஊத்தியில்ல குடுக்கணும்?"

"எந்தக் கொத்தனாரு?"

"உள்ள இருக்கறவருதான்."

தணிகாசலம் ஸ்டூலில் உட்கார்ந்தார். 

"பதினெட்டு வருஷம் சித்தாளா இருந்தவ சார் நான். பெங்களூருல எத்தினி மாடி! கொத்தனாருங்க வாயத் தொறந்து கேக்க மாட்டாங்க, வாய் நெறய வெத்தல. கரண்டியால பலகைல ஒரு தட்டு தட்டுனா சாந்து. ஓங்கி மூணு தட்டுனா கல்லு. தூக்கினு ஓடணும். லேட்டாச்சின்னா திட்டு விழும்."

"ரெண்டு தட்டுனா?" என்றார் மாசிலாமணி.

"கரண்டியத் திருப்பி, காம்பால ரெண்டு தட்டுனா வேல முடிஞ்சுது, வந்து பாத்துக்கோன்னு. மேஸ்திரி வந்து பாத்து, தூக்குக் குண்டு வுட்டு, சரின்னு சொன்னாத்தான் சாரத்தவுட்டு எறங்குவாங்க நல்ல கொத்தனாருங்க. சொல்லலன்னா நிப்பாங்க. ஒரு தடவ எங்க மேஸ்திரி மறந்துட்டு ஊருக்குப் பூட்டாரு, அந்தாளு பொழுது சாயற மட்டும் மேலயே நின்னுனு இருந்தான்."

 சுவர் இரண்டு தட்டியது.

"ஏன்க்கா இத்தனை நாளா சொல்லலை?" என்றாள் ரெஜினா.

"என்ன யாரும்மா கேட்டாங்க? எல்லாம் பெரிய உத்தியோகத்துல இருந்தவங்க, தெரிஞ்சிதான் இருக்கும்னு இருந்தேன். நான் தெனம் காலைல வந்ததும் தொடப்பக்கட்டையால ஒரு தட்டு தட்டி, இரு, மேஸ்திரி வருவாருன்னு சொல்லிட்டுத்தான் கூட்டுவேன். நீ எனக்கு வெக்கற டீல பாதிய மூடில ஊத்தி செவுத்தோரம் வெப்பேன். பெருக்கி முடிக்கறதுக்குள்ள காலியாயிடும். வேல செய்யற ஆளு, நாக்கு வறளாது?" அவள் ஆறு பேரையும் பார்த்தாள். "வேல குடுத்தவரு யாருன்னு பாருங்க சார். அவருதான் வரணும். வேற யாரு சொன்னாலும் எறங்க மாட்டாரு."

தணிகாசலம் எழுந்தார். தொண்டையைச் செருமினார். முப்பத்தெட்டு வருஷத்தில் ஒரு விசாரணைக்கும் நின்றதில்லை.

"நான்தான்" என்றார்.

சொன்னார். இரண்டு சுவர், கடைசிக் கல், எழுதாத வரி, கைதட்டல். எப்போதும் போலக் குறைவான வார்த்தையில்தான் சொன்னார், ஆனால் ஒவ்வொரு வார்த்தைக்கும் நின்று நின்று வந்தது. வாஹித் சல்யூட் அடித்த தன் கையைப் பார்த்துக்கொண்டார். மாசிலாமணிதான் பேசினார். அவர் தணிகாசலத்தின் கீழே வேலை பார்த்தவர், ஒரு தடவை நாலு நிமிஷம் லேட்டாக வந்ததற்கு ரிப்போர்ட் எழுதப்பட்டவர்.

"இருபத்தோரு வருஷம் சார், அவன் கணக்குக்கு."

"தெரியும்."

"நாங்க லைன் கிளியர் குடுத்துனு இருந்தோம். நீங்க பாத்துனு இருந்தீங்க."

"தெரியும்யா."

"ஒரு வரி சார்."



அந்தப் பெண்தான் வாளியை ஓரமாகத் தள்ளிவிட்டுச் சொன்னாள். "திட்டறத அப்பறம் திட்டிக்கலாம். ஆளு எங்க நிக்கறாரு, அதச் சொல்லுங்க."

எங்கே என்பதுதான் தெரியாது என்றார் தணிகாசலம். அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு சுவரில் காதை வைத்தாள். திரையில் இருந்த எழுத்து ஒன்றும் அவளுக்குப் புரியாது, அதைப் பார்க்கவும் இல்லை. ரெஜினா கீபோர்டு முன்னால் உட்கார்ந்தாள். "கீழ போம்மா" என்றாள் அந்தப் பெண், கண்ணை மூடிக்கொண்டு. ரெஜினா ஒரு தளம் இறங்கினாள். "இன்னும் கீழ. இன்னும். சத்தம் கிட்ட வருது. நில்லு. தாண்டிட்ட. ஒண்ணு மேல வா. இப்ப பக்கவாட்டுல போ, அந்தப் பக்கம் இல்ல, சோத்துக்கை பக்கம்." அறுபது தளம், வெள்ளம் போன பாதை, பூனைகள் போன பாதை, சிலையான ஆட்டின் பீடத்துக்கு அடியில், ஒருவரும் இருபது வருஷமாகக் கால் வைக்காத ஒரு மூலையில் ரெஜினாவின் கை நின்றபோது, தட்டும் சத்தம் அவள் உட்கார்ந்திருந்த மேஜைக்குள்ளேயே கேட்டது. கீபோர்டு அதிர்ந்தது.

நாலடி இடம். ஒரு எழுத்து.

அது வாஹித்தின் வருஷம். அடுத்தவர் வருஷத்தில் யாரும் உத்தரவு போடக்கூடாது. வாஹித் தணிகாசலத்தைப் பார்க்காமல் நாற்காலியை மட்டும் அவர் பக்கம் தள்ளினார்.

சுவரைப் பிரிக்க உத்தரவு போட்டார். உத்தரவு மினுக்கிக்கொண்டு நின்றது. எடுக்க ஆளில்லை. குகைப்பேட்டையில் அன்றைக்கு ஏதோ விருந்து. இருநூறு பேரும் ஆட்டின் சிலையைச் சுற்றி ஆடிக்கொண்டிருந்தார்கள். ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். தலைக்கு மேலே ஆட்டம், காலடியில் ஒரு ஆள். தணிகாசலத்துக்குப் பொறுமை என்பது எந்தக் காலத்திலும் கிடையாது. அன்றைக்கு அது இல்லாதது முதல்தடவையாக நல்லதுக்கு உதவியது. எழுந்து சுவரிடம் போனார்.

"அவன் கையில கரண்டி இருக்கில்ல? வெச்ச கல்லை அவனே எடுக்க முடியாதா?"

"எடுப்பாரு சார். எடுன்னு சொல்லணும்."

"எப்படிச் சொல்லணும்?"

"மொதல்ல வேல எப்பிடின்னு சொல்லுங்க. அத்தச் சொல்லாம எறங்குன்னா கோவம் வந்துடும்."

தணிகாசலம் சுவரைப் பார்த்தார். சுண்ணாம்பு உதிர்ந்த சுவர். யாருக்கும் எதையும் நன்றாக இருக்கிறது என்று சொல்லிப் பழகாத வாய். பெற்ற பிள்ளையின் மார்க் ஷீட்டுக்கும் கையெழுத்து மட்டும்தான் போட்டிருக்கிறார்.

"சுத்தமா இருக்கு" என்றார். பிறகு, "இருபத்தோரு வருஷத்துல ஒரு கல்லு நகரல. நான்தான் வந்து பாக்கல." அந்தப் பெண் பக்கம் திரும்பினார். "போதும். பிரிச்சிட்டு வரச் சொல்லும்மா."

அவள் துடைப்பத்தைத் திருப்பி, கட்டையால் சுவரில் தட்டினாள். மெதுவாக ஒன்று, அப்புறம் அவசரமில்லாமல் நாலு. உத்தரவு மாதிரி இல்லை. பசிக்கிறவனைச் சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது. "எறங்கி வாங்கண்ணா" என்றாள் சுவரிடம். "மேஸ்திரி பாத்துட்டாரு."

சத்தம் நின்றது.

கீழே சம்சுதீனின் மெஷின் நின்றது. தெருவில் யாரோ "என்னாச்சு?" என்று கேட்டார்கள். சுவரோரம் தூங்கிக்கொண்டிருந்த ஒரு குழந்தை விழித்துக்கொண்டு, அழாமல் பார்த்தது. திரையில் சுவரின் குறி ஒன்று அழிந்தது. எழுத்து ஒரு அடி வெளியே வந்தது. நின்றது. யாரும் எதிரே வரவில்லை. பின்பு அது தளம் தளமாக மேலே ஏறியது, ஏற ஏற ஆறு பேரும் திரையை ஒட்டிக் குனிந்தார்கள். விருந்து நடந்த மண்டபத்தின் வாசலைத் தாண்டியது, உள்ளே போகவில்லை. படுக்கிற இடம் தாண்டியது. கல் குவித்துவைத்திருந்த கிடங்குக்குப் போய், ஒரு கல்லை எடுத்துக்கொண்டு, வாசலோரமாக நின்றது. அதன் பக்கத்தில் "வேலை இல்லை" என்று வந்தது. அடுத்த உத்தரவுக்குக் காத்திருந்தது.

"கோவமே இல்லையே சார் அவனுக்கு" என்றார் மாசிலாமணி.

தணிகாசலம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சுவர் அதற்குப் பிறகு தட்டவில்லை. ஊருக்கு அது பெரிய இழப்பு. குழந்தைகள் தூங்கவில்லை, சம்சுதீன் ஒரு மாதம் தையல் கோணிப்போய்த் திட்டு வாங்கினார், விண்ணப்பம் போடுகிறவர்கள் எந்த நேரத்தில் பட்டனை அழுத்துவது என்று தெரியாமல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் அதெல்லாம் அப்புறம். அன்றைக்கு, மற்றவர்கள் அவரிடம் போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் எழுந்து போய்விட்ட பிறகு, தணிகாசலம் சார்ஜ் நோட்டை எடுத்து, தை மாதத்துப் பக்கத்தைத் திருப்பினார். "உயிர்ச்சேதம் இல்லை" என்ற வரியின் கீழே, தன் கையெழுத்துக்கு மேலே, ஒரு வரிக்கு இடம் இருந்தது. அன்றைக்கும் இருந்திருக்கிறது. எழுதினார்: "கிழக்குச் சுரங்கம், கொத்தனார் ஒருவர், இரண்டு சுவருக்கு நடுவில். பிரிக்காமல் விட்டதும் எழுதாமல் விட்டதும் நான்." தேதி போட்டார், இன்றைய தேதி. கீழே இன்னொரு வரி: "வெளியே கொண்டுவந்தவர்" என்று எழுதிவிட்டுப் பேனாவை நிறுத்தினார்.

"ரெஜினா, அந்தம்மா பேரென்ன?"

ரெஜினா யோசித்தாள். ஆறு வருஷமாக வருகிறவள். "அக்கான்னுதான் அங்கிள் கூப்பிடுவேன்" என்றாள், முகம் சிவந்து.

வாளியும் துடைப்பமும் இல்லை. கழுவிவிட்டு இறங்கியிருந்தாள். தணிகாசலம் முட்டியைப் பிடித்துக்கொண்டு பதினேழு படியும் இறங்கினார், டெய்லர் கடையைத் தாண்டி, மெடிக்கல் ஷாப்பைத் தாண்டி, ரயில்வே கேட்டுக்கு முன்னால் அவளைப் பிடித்தார். மூச்சு வாங்கியது. கேட்டார். அவளுக்கு முதலில் புரியவில்லை. எதுக்கு சார் என்றாள். எழுதணும் என்றார். சொன்னாள். தப்பாக எழுதிவிடக் கூடாது என்று இன்னொரு முறை சொல்லச் சொன்னார். திரும்பி வந்து, பதினேழு படியும் ஏறி, உட்கார்ந்து, மூச்சு அடங்கும்வரை காத்திருந்து, எழுத்து எழுத்தாக எழுதினார்: வேடியம்மாள்.